ஒற்றைக் கூவல்

அன்றைக்குத் தேனுக்குப் போனது நான், என் அண்ணன், தங்கச்சியின் புருசன் கதிர்காமு. முள்ளியவளைக்கு மேற்கே உள்ள காடு. மச்சான் கதிர்காமு தண்ணீர் அள்ள மோட்டைக்கு, காட்டுக்குள் இருந்த சிறு குளத்துக்கு, போனான். அண்ணன் பாலை மரத்துத் தேன்பொந்தைக் கோடரியால் கொத்திக்கொண்டிருந்தார்.

அவர் களைத்து நிறுத்தியபோது தூரத்தில் "கூ" என்று ஒரு கூவல் கேட்டது. பதில் கொடுக்கப் போன என் வாயை அண்ணன் பொத்தினார்.

"பேசாமல் இரு. மச்சானெண்டால் மூண்டு தரம் கூப்பிடுவான். ஒருக்காக் கூப்பிடுறது மனிசன் இல்லை."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒற்றைக் கூவலுக்குப் பதில் கொடுத்தால் பேய் பின்னால் வரும் என்பார்கள். இருவரும் மரத்தோடு ஒட்டி இருந்தோம். வெயில் சரிந்தும் மச்சான் வரவில்லை. நான் எழும்பினேன்.

"போனால் நீயும் திரும்பமாட்டாய்."

"தங்கச்சியிட்டை என்னத்தைச் சொல்லுறது அண்ணை?"

அண்ணன் கோடரியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மோட்டைக் கரையில் மச்சான் முகம் கிழிந்து கிடந்தான். கரடி அடித்திருந்தது. மூச்சு இருந்தது. சுமந்து வந்து மாட்டு வண்டியில் ஏற்றினோம். உயிர் தப்பியது. வலது கண் போய்விட்டது.

ஆசுப்பத்திரியில் அவனுக்குப் பேச்சு வந்த அன்று கேட்டேன்.

"ஒருக்காக் கூப்பிட்டுப்போட்டு ஏன் மச்சான் விட்டனீ?"

"ஒருக்காவோ? அண்ணை கொத்துற சத்தம் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேக்குமெண்டு வழக்கப்படிதான் கூப்பிட்டனான். பிறகு நினைவில்லை."

பக்கத்தில் நின்ற அண்ணன் வெளியே போய்விட்டார். கோடரி ஓய்ந்த பிறகு வந்த கடைசிக் கூவல் மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது. விழாததை இல்லை என்று வைத்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

அவன் கூப்பிட்டது மூன்று தரம்.