நின்ற காலில் டிபன்

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஒரு காறல் வாடை வருமே, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வாடை, அது எங்கே அடித்தாலும் என் கை தானாக வயிற்றைத் தடவிப் பார்க்கும். காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏழு வயதில், ஏறக்குறைய ஒன்றரை நாள், என் வயிற்றுக்குள் ஒரு தேள் குடியிருப்பதாக முழுமனதாக நம்பினேன். உயிருள்ள தேள் அல்ல. தகட்டில் அச்சடித்து வெள்ளிப் பூச்சுப் பூசிய தேள். பயத்துக்குத் தகடென்ன, தசையென்ன?

சங்கரன்கோவில் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் பாம்பு, தேள், பூரான் தொல்லை இருந்தால் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அந்தந்த ஜந்துவின் உருவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் சீமை வழக்கம். அதற்கு "உரு" என்று பெயர். மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டுப் புறவாசலில் அடுப்பெரிக்க அடுக்கியிருந்த பருத்திமார்க் குச்சிகளுக்குள் தேள்கள் எங்களைவிடச் சௌகரியமாக வாழ்ந்தன. அந்தக் கோடையில் அம்மாவை இரண்டு முறை கொட்டிவிட்டது. இரண்டாம் முறை நாக்குக் குழறி, கால் வீங்கி, பிழைப்பாளா என்றே பேசிக்கொண்டார்கள். பிழைத்தாள். "என் பிள்ளை கையால தேள் உரு போடச் சொல்லுதேன் தாயே" என்று நேர்ந்துகொண்டாள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வண்டி கட்டியபோதும் அவளால் காலை ஊன்ற முடியவில்லை. அப்பாவையும் அத்தையையும் என்னையும் அனுப்பிவைத்தாள். "மூணாவது வாட்டி கொட்டினா நான் தாங்க மாட்டேன் மக்கா, மறந்துராத" என்று கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அம்மன் தவத்துக்குச் சாமி இறங்கி வரும் தபசுக் காட்சியன்று நெரிசல் தாங்காது என்று நான்கு நாள் முன்னதாகவே போனோம். அதற்கே தலைக்கு மேல் தலை. அத்தை உருவை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். "கூட்டம் கொஞ்சம் வடியட்டும், பொறவு உள்ள போவோம்" என்றார் அப்பா. வடியும்வரை என்ன செய்வது? ராட்டினத் திடலுக்குப் போனோம். அங்கேதான் மேற்படி எண்ணெய் வாடை என்னைப் பிடித்து இழுத்தது.

புதிதாக ஒரு தென்னங்கிடுகுப் பந்தல். பெஞ்சு இல்லை, பலகை இல்லை. ராட்டினத்தில் ஏறக் காத்திருக்கும் நேரத்தில் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போக வேண்டியது. முகப்பில் ஒரு துணி: "நின்ற காலில் சூடான டிபன்!"

அப்பா அதை உரக்கப் படித்ததும் அத்தை சொன்னாள்: "கோமதி அம்மை ஒத்தக் கால்ல நின்னு தவசு பண்ணுதா. நமக்கு ரெண்டு காலையும் விட்டு வச்சிருக்கானே, புண்ணியவான்!"

நான் அழுது அடம்பிடித்து ஒரு வடை வாங்கினேன். அதை வடை என்று எழுத இன்றைக்கும் என் கை கூசுகிறது. எங்கள் ஊர் கிளப்புக் கடையில் அரையணா கொடுத்தால் உள்ளங்கை நிறைய வடை வரும். இங்கே இரண்டணா கொடுத்தால் ஓட்டை வந்தது, ஓட்டையைச் சுற்றி விளிம்பாகக் கொஞ்சம் மாவும் வந்தது. சாம்பார் என்பது, எங்கோ பருப்பு வெந்துகொண்டிருக்கும் செய்தியைக் கேட்டு மஞ்சளாகிப்போன வெந்நீர். சட்னியில் பொட்டுக்கடலையும் பச்சைத் தண்ணீரும் கடைக்காரரின் தைரியமும் இருந்தன, தேங்காய் இல்லை. திருவிழாவுக்கு வந்தவன் வேறெங்கே போவான் என்கிற அந்தத் தைரியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"என்ன வே, வடை ரெண்டணாவா? தங்கத்துலயா தட்டுதீரு?" என்றார் அப்பா.

கடைக்காரர் வெளியூர்க்காரர். சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தபசு வெலை அண்ணாச்சி. தரை வாடகை, வெறகு, எண்ணெய், எல்லாமே தபசு வெலைதான்."

"உளுந்தையும் தவசுக்கு அனுப்பிட்டீரோ? வடைக்குள்ள காணலியே" என்றாள் அத்தை.

நான் ஒரு கையிலேயே வடை இலையையும் உருவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வடையை எடுத்து ஒரு கடி கடித்தேன். "கடக்" என்றது. ஏதோ ஒன்று, கூர்மையாக, தொண்டையில் இறங்கியது. வாயில் இரத்தம் கரித்தது. இலை நழுவி விழுந்தது. கையைப் பார்த்தேன். உருவைக் காணோம். கொடுக்கு குத்தித்தான் இரத்தம் வருகிறது என்று என் அறிவு அரை நொடியில் கண்டுபிடித்தது. அத்தனை வேகமாக அது அதற்குப் பிறகு எதையும் கண்டுபிடித்ததில்லை.

"அத்தே! தேளை முழுங்கிட்டேன்!"

உரு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்தலில் நின்ற ஒருவர் கையிலிருந்த இலையை வீசினார்.

"சாம்பார்ல தேளாம்வே!"

"சாம்பார் இல்ல, வடையில! என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார் ஒருவர். அவர் அப்போதுதான் பந்தலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

துப்பியவர்கள் துப்பினார்கள், ஓங்கரித்தவர்கள் ஓங்கரித்தார்கள். தின்று முடித்த பின் காசு கொடுப்பதுதான் அன்றைய வழக்கம் என்பதால், எல்லோரும் இலையைப் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமலே கிளம்பினார்கள். கடைக்காரர் சாம்பார் வாளியில் கரண்டியை அடிவரை விட்டுத் தூக்கி ஊற்றி ஊற்றிக் காட்டினார். "ஐயா, அம்மா, பாருங்க! உள்ள ஒண்ணுமே இல்ல! ஒண்ணுமே இல்ல!"

"அதத்தான வே நாங்களும் சொல்லுதோம்!" என்றாள் அத்தை.

அப்பா சிரிக்கவில்லை. கோவிலையும் மறந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினார்.

வீட்டில் விளக்கெண்ணெய், பூவன்பழம், கோவில் புற்றுமண் என்று வரிசையாக உள்ளே போயின. வெளியே தேள் வரவில்லை. நான் அதை எழுப்பிவிடக் கூடாதென்று கிசுகிசுவென்றே பேசினேன். புரண்டால் அதற்குத் தலை சுற்றும் என்று வலப்பக்கமாகவே படுத்துக் கிடந்தேன். வயிறு கடமுடவென்றபோது அது நடக்கிறது என்று அலறினேன், நடந்தது விளக்கெண்ணெய். இதையெல்லாம் நினைத்துச் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. நான் சாவது ஒரு பயம் என்றால், சாகாமலிருந்து அம்மாவை மூன்றாவது முறை தேள் கொட்டினால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். அவள் நேர்த்திக்கடனை அல்லவா நான் தின்றுவிட்டேன்! அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிலில் இருந்தபடி பருத்திமார்க் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம். மறுநாள் விடிந்ததும் அப்பா புது உரு வாங்கிப் போட மறுபடியும் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டார்.

போன மாதம் என் பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். பேப்பர் தட்டில் ஒரு பஜ்ஜி. மிளகாய் இருந்தது, காரம் இல்லை; மாவு இருந்தது, வேகவில்லை. விலையைக் கேட்டு எனக்குத்தான் காரம் ஏறியது. "என்ன தம்பி, இது வெந்திருக்கா?" என்று கேட்டேன். "டோக்கன் கொடுத்தாச்சுல்ல சார், தள்ளி நில்லுங்க" என்றான். டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் போய்க் கேட்டால், "நாங்க டோக்கன் மட்டுந்தான் சார்." அநியாயம் பண்ணுவதில் என்ன நாகரிகம் வந்துவிட்டது பாருங்கள்! வடை அன்றைக்கும் மட்டம்தான், விலை அன்றைக்கும் கொள்ளைதான்; அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று தின்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம், சட்டி வைத்திருந்தவனே பதில் சொல்வான். முதலில் தின்பது, பிறகு திட்டுவது, கடைசியில் காசு என்ற அந்த வரிசை எங்கே போயிற்று? இப்போது காசு முதலில் போய்விடுகிறது. திட்டுவதற்கு எதிரே ஆளே இல்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஆத்திரம் அடங்காமல் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்களுக்கு வடை விலையைப் பற்றி அக்கறையில்லை. "தேள் என்னப்பா ஆச்சு?" என்றார்கள்.

நடந்தது இதுதான். மறுநாள் அப்பா போனபோது அந்தக் கடைக்காரர் பந்தலைப் பிரித்துக் கிடுகுகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம். தபசுக் காட்சிக்கே இன்னும் மூன்று நாள் இருந்தது. அவர் கடைக்கு யாரும் வரவில்லை. அப்பாவைக் கண்டதும் அவரே கூப்பிட்டிருக்கிறார். "அண்ணாச்சி, உங்க பையன் போட்ட எலையில சட்னியோட ஒட்டிக் கெடந்துது அந்தத் தேளு. யாரோ நேந்துகிட்டது, குப்பையில போகக் கூடாதுன்னு கழுவி, நேத்து சாயந்தரமே அம்மன் உண்டியல்ல போட்டுட்டேன்."

அப்பா வீட்டுக்கு வந்து என் வாயைத் திறக்கச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு பல் விழுந்த வாய் என்பதால் மூன்றாவது ஓட்டையை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. நான் விழுங்கியது என் பாற்பல்லை.

அதற்குப் பிறகு அம்மாவைத் தேள் கொட்டவில்லை. அந்தக் கடைக்காரர் அடுத்த தபசுக்கு வரவில்லை.