செல்லையாவின் நிறம்

குமுதா, செத்தவர்களுக்கு மாலை போட வைக்கும் படம் செய்பவள். உலு யாம், ராசா, கோல சிலாங்கூர் தோட்டங்கள் என்று எங்கே சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படமோ, அடையாளக் கார்டோ, கொடுத்ததிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, வண்டியில் போகிற வழியிலேயே லேப்டாப்பில் சீராக்கிவிடுவாள். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கப் போன காலத்தில் பார்த்துப் பழகிய வேலை. ‘சிவசிவ’ என்று சொல்லாமல் எந்த முகத்தையும் தொடமாட்டாள்.

இந்தத் தடவை தப்பாகிவிட்டது. பழைய லேப்டாப்பின் திரை கெட்டு, எல்லா முகமும் சிவந்து தெரியத் தொடங்கியிருந்தது. அதை அறியாமல், உலு யாமில் இறந்துபோன செல்லையாவின் முகத்தில் சிவப்பைக் குறைத்தாள். சட்டம் போட்டு வந்தபோது மனிதர் காமாலை கண்டவர்போல் இருந்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி சண்டை போடவில்லை. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இது யாரோ. யாருக்கோ நான் எப்படி மாலை போடறது?”

மறுநாள் கருமாதி. அதற்குள் சரியான படம் வேண்டும்.

வேறு லேப்டாப் வாங்கியே ஆகவேண்டும். ஆனால் எந்தத் திரை உள்ளதைக் காட்டும்? செல்லையாவை அவள் உயிரோடு பார்த்ததேயில்லை. பார்த்த புஷ்பவள்ளியோ காரியம் முடியாமல் வாசல் தாண்டமாட்டாள். கடைசியில் செல்லையாவின் தம்பி சன்னாசியை ரவாங்கில் லேப்டாப் கடைக்கு அழைத்துப் போனாள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நிறம் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள்.

கடைப்பெண் தனுஜா தாள்போல மெல்லிய ஒன்றை எடுத்து வைத்தாள். “டிராவலுக்கு இதான் பெஸ்ட் ஆண்ட்டி. லைட்டு. கலர் பாருங்க.”

குமுதா செல்லையாவின் படத்தைத் திறந்தாள். புது மாப்பிள்ளைபோல் மின்னினார்.

“ஹேண்ட்சமா இருக்காரு. யாரு ஆண்ட்டி?”

“செத்துப் போயிட்டாரும்மா.”

தனுஜா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

சன்னாசி தன் முழங்கையைத் திரையோடு ஒட்டி நீட்டினார். “அண்ணன் இப்படி மின்னுனா நானும் மின்னணும்லா, தங்கச்சி. எங்க வீட்ல யாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல.”

குமுதா அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள். பளபளத்த திரையில் அவள் முகமே தெரிந்தது. பந்தலிலும் வண்டி ஜன்னலோரத்திலும் வேலை செய்கிறவளுக்கு அது ஆகாது. அடுத்தது தடித்தது, மினுக்கமில்லாத திரை. வெயிலிலும் அண்ணனின் கன்னமும் தம்பியின் கையும் ஒரே நிறமாக நின்றன.

“பேட்டரி நல்லா தாங்கும். ஆனா வெயிட்டு ஆண்ட்டி, தூக்கிட்டு அலைய முடியாது.”

“பரவால்லம்மா, தூக்கிக்கிறேன்.”

திரும்பும் வழியெல்லாம், கார் ஓட்டும் சன்னாசியின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினாள். படத்தை அச்சடித்து, சட்டம் மாட்டி, பொழுது சாயும் நேரம் உலு யாம் வீட்டில் கொடுத்தாள்.

புஷ்பவள்ளி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் நெற்றியைத் தடவினாள். காதோரத்தைத் தடவினாள். “இவருதான்” என்றாள். பிறகு உடம்பு குலுங்க ஆரம்பித்தது.

“இன்னிக்குத்தான் அண்ணி அழுவுது” என்றார் சன்னாசி, குமுதாவின் காதோடு.

குமுதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அக்கா, மன்னிச்சிருங்க.”

“நல்லாத்தான் செஞ்சிருக்க, குமுதா” என்றாள் புஷ்பவள்ளி. “ஆனா மொத படமே இருந்திருக்கலாம். செத்தது வேற யாரோன்னு இருந்தேன்.”

குமுதா அவள் தோளைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.