லடாக் பார்த்த ஜீப்

எங்கள் ஊரில் முதன்முதலாக ஜீப் வாங்கியவர் என் தாய்மாமா. அதை முதன்முதலாகச் சேற்றில் புதைத்தவரும் அவர்தான். ஊர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. ஊர்களின் ஞாபகசக்தி அப்படித்தான் வேலை செய்யும். நான் வாங்கிய பட்டங்களையெல்லாம் விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பில் சிலேட்டை வாய்க்காலில் விட்டவளாகத்தான் என்னையும் அது இன்றுவரை அறியும்.

மாமா பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். திரும்பி வரும்போது மற்றவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியும் கொண்டுவருவார்கள். மாமா ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். அது அவரோடு லடாக்கில் பனியில் ஓடிய வண்டியாம். வண்டியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் லடாக்கிலிருந்துதான் தொடங்கும்.

"மத்த வண்டிக்கெல்லாம் பின்சக்கரம் ரெண்டுதான் வேல செய்யும். முன்சக்கரம் ரெண்டும் மிராசுதார் மாதிரி. கூடவே வரும், அவ்வளவுதான். நம்ம வண்டியில நாலும் கூலி ஆளு" என்பார்.

கூலியாட்கள் அவ்வளவாக வேலை செய்யாத வருடம் அது. ஆட்சி மாறியிருந்தது. சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். வயலில் வேறொரு சிவப்பு. கூலி நெல்லில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டு ஆட்கள் நடவை நிறுத்தியிருந்தார்கள். வேறு ஊர்களிலிருந்து அடிதடிச் செய்தியெல்லாம் வந்தது. எங்கள் ஊரில் முறைத்துக்கொள்வதோடு சரி. மிராசுதாரின் வயல்களில் தண்ணீர் மட்டும் நின்றது. நாற்று, நாற்றங்காலிலேயே முதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில்தான் என் சித்திக்குக் கல்யாணம் வைத்தார் அப்பா.

அப்பா குத்தகைக்குப் பயிர் செய்தவர், கட்சியின் கிளைச் செயலாளர். இதில் எது முதல் தொழில் என்பதில் அம்மாவுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அம்மாவின் அப்பா இறந்துவிட்டதால் சித்தியின் கல்யாணம் மூத்த மருமகனான அவர் தலையில் விழுந்தது. அவர் அதைக் கட்சியின் தலையில் வைத்தார். ஐயர் கிடையாது, ஹோமம் கிடையாது, பேச்சாளர் ஒருவர் தலைமை தாங்கி நடத்திவைப்பார். அதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அப்பா, தாலி கட்டும் நேரத்தை வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் என்று வைத்து, பத்திரிகையில் 'இராகு காலத்தில்' என்று தடித்த எழுத்தில் அடித்தும்விட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ராகு காலத்தில் தாலி ஏறினால் அந்தப் பெண் தன் வீட்டு வாசல்படி ஏற வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அச்சடித்ததை மாற்றினால் தனக்குக் கட்சியில் முகம் இல்லை என்றார் அப்பா. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கொள்கையில் என் அப்பா பக்கமும் பயத்தில் தன் அம்மா பக்கமுமாக இருந்தார். சித்தி கூடத்தில் "எந்த நேரமா இருந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் போய்ப் புகையே இல்லாத அடுப்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்பு நாலு நாள் மழை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் விட்டது. காலையில் பந்தலுக்குள் அப்பா நாற்காலிகளை அதட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற ஜீப்பின் முன்சக்கரத்தருகே மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவிலிருந்த மூடியைக் குழாயைத் திருகுவதுபோலத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பக்கம் போய் இன்னொன்றையும் திருகினார். அம்மா குடையை விரித்துப் பிடித்தபடி அவர் கூடவே நகர்ந்தாள். கல்யாண வேலை தலைக்குமேல் கிடக்க, தம்பிக்குக் குடை பிடிக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். என் தம்பிக்கு நான் இப்படியெல்லாம் பிடிக்க முடியாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

பேச்சாளர் வலங்கைமான் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்குவார். அங்கிருந்து ஊர்வரை வாய்க்கால் கரைமேல்தான் வண்டிப்பாதை. களிமண். காய்ந்தால் பாறை, நனைந்தால் விளக்கெண்ணெய். மாமாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அந்த நாலு நாள் மழையிலும் அரிசி மூட்டை, அண்டா, வாழைத்தார் என்று அத்தனையையும் அதே பாதையில்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"பின்னாடி கொஞ்சம் பாரம் இருந்தா நல்லா பிடிக்கும். ஏறுங்க எல்லாரும்!" என்று என்னையும் தெருப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார். வாழ்க்கையில் என் எடைக்கு மரியாதை கிடைத்த ஒரே நாள் அது. போகும் வழியில் பாடமும் நடத்தினார். "ஈரத்துல ஆக்ஸிலேட்டர அமுக்கக் கூடாது. அமுக்குனா வண்டி போவாது, குழிதான் போவும். பூப்போல மிதிக்கணும்."

பூப்போலத்தான் மிதித்தார். ஆனால் அன்றைக்கு ஜீப் கன்றுக்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டே போனது. எங்களுக்கு ஒரே குஷி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூச்சல் போட்டோம்.

எதிரே ஒரு கூண்டு வண்டி வந்தது. உள்ளே மாப்பிள்ளையின் அம்மா. மாடுகள் அவசரமில்லாமல், ஓரிடத்திலும் வழுக்காமல், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயின. லடாக் பார்க்காத மாடுகள்.

பேச்சாளர் தும்பைப்பூ வேட்டி, கரை போட்ட துண்டு, கையில் ஒரு தடியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். காலில் வாதம், ரொம்ப தூரம் நடக்க முடியாது என்று இறங்கியதுமே சொன்னார். முன்சீட்டில் அவர் ஏறிக்கொள்ள, திரும்பினோம். மிராசுதாரின் களத்துக்கு எதிரே பாதை வளையும் இடத்தில் மாமா ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

ஜீப் அலறியது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை, கீழேதான் இறங்கியது. மாமா இன்னும் ஓங்கி மிதித்தார்.

"மாமா, பூப்போல!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.

"பாவம், புள்ளைங்கள்லாம் எறங்குங்க. பாரம் தாங்கல" என்றார் மாமா.

காலையில் பிடிப்புக்கு வேண்டியிருந்த பாரம் இப்போது எப்படி ஆகாமல் போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. இறங்கினோம். கீழே நின்று பார்த்தபோது இன்னொன்றும் புரியவில்லை.

"மாமா, முன்சக்கரம் சுத்தவே இல்ல!"

"மருமவளே, வாயத் தொற" என்று ஒரு பெப்பர்மிண்ட்டைப் போட்டார். வாய் மூடிக்கொண்டது.

கல்யாணத்துக்குப் புறப்பட்ட கீழத்தெரு ஆட்கள் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் என்பதால் ஊரில் அன்று எல்லோருக்கும் நேரம் இருந்தது. அவர்களுக்கு முன்னால் வந்தவள் நடவு ஆட்களுக்கெல்லாம் தலைவியான ஓர் அக்கா. ஊரிலேயே அவள் வாய்க்குத்தான் வரப்பு கிடையாது.

"என்ன தம்பி, லடாக்கு இவ்வளவு ஆழமா இருக்கு?" என்றாள் மாமாவிடம்.

சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் போட்டால் பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். எதிர்க் களத்தில் யானை மாதிரி வைக்கோல்போர். பக்கத்தில் அதற்குக் காவலாக, மிராசுதாரின் காரியங்களைப் பார்க்கும் காரியஸ்தர்.

"ஐயா நெல்லத் தொடமாட்டோம்னு சத்தியம் பண்ணுன ஆளுங்க, ஐயா வைக்கோல மட்டும் தொடலாமோ?" என்றார் அவர், குடைக்கு அடியிலிருந்து.

"நெல்லுதான ஐயாவோடது? வைக்கோலு மாட்டோடது. மாட்டக் கேட்டுட்டுத்தான் வந்தோம். தாராளமா எடுத்துக்கன்னுடுச்சு" என்றாள் அக்கா.

இரு தரப்பும் வரப்பின் இரு பக்கமும் நின்றன. இந்தக் காட்சியைப் பார்த்த பேச்சாளரால் சும்மா இருக்க முடியவில்லை. தடியை ஊன்றி ஜீப்பின் படியில் ஏறி நின்றுகொண்டார். "சிக்கிக்கொண்டது சக்கரமல்ல, தோழர்களே! சமுதாயம்!" என்று தொடங்கினார். கல்யாணத்துக்கென்று தயாரித்து வந்த பேச்சு முழுவதையும் அங்கேயே பேசிவிட்டார் என்று நினைக்கிறேன். மணமக்கள் என்று வந்த இடங்களில் காரியஸ்தரையும் அக்காவையும் பார்த்தார். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்ததும் காரியஸ்தர் மெல்ல அருகே வந்தார்.

"பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸுங்க. சும்மாதான் இருக்கான்."

"பார்க்கலாம்" என்றார் பேச்சாளர்.

அடுத்த நிமிடம் வைக்கோல் கட்டுக்கட்டாக வந்தது. காரியஸ்தரே ஒரு கட்டைத் தூக்கி வந்தார். அதைப் பின்சக்கரங்கள் தின்று துப்பின. எல்லோர் தலையிலும் வைக்கோல். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்போது அப்பா ஓடிவந்தார். முழங்கால்வரை சேறு, கையில் கடிகாரம்.

"மச்சான்! மணி பதினொன்னே முக்கால்! என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"ஈரமா இருக்கு அத்தான்" என்றார் மாமா. நாலு நாள் பெய்த மழையை யாரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"அந்தக் கூண்டு வண்டியக் கொண்டாரச் சொன்னா, அந்தம்மா எறங்கமாட்டேங்குது! பன்னெண்டு அடிச்சாத்தான் மண்ணுல கால் வைப்பேங்குது! அதுக்குள்ள தாலி கட்டுனா மாட்டத் திருப்பிடுவாங்களாம்! வண்டிக்காரன் நொகத்தடியப் புடிச்சிக்கிட்டுத் தயாரா நிக்கிறான்!"

சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி, ஜீப்பின் பின்னால் தோளைக் கொடுத்தார். அவருக்கு ஒரு பக்கம் காரியஸ்தர், மறுபக்கம் அக்கா. "ஏலேலோ" போட்டார்கள். அக்கா பாட்டெடுக்க, காரியஸ்தர் தன்னை மறந்து பின்பாட்டுப் பாடினார். மாமா மட்டும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் ஓய்ந்து மூச்சு வாங்கும்போது பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

தூரத்தில் அரிசி ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

மாமா உடனே கீழே குதித்தார். "முன்னாடி மண்ணு அடைச்சிருக்கு, தட்டி விட்டுட்டு வரேன்" என்று சொல்லி இரண்டு முன்சக்கரங்களிடமும் குனிந்து எழுந்தார். வந்து உட்கார்ந்தார். பூப்போல மிதித்தார்.

ஜீப் ஒரு தடவை குலுங்கி, குளித்துவிட்டுக் கரையேறும் எருமைபோல் நிதானமாக மேலே ஏறிப் போய்விட்டது. பின்னால் தோள் கொடுத்திருந்த மூன்று பேரும் அப்படியே சேற்றில் குப்புற விழுந்தார்கள். கட்சி, களம், கூலி எல்லாம் ஒரே நிறத்தில் எழுந்தன. முதலில் அக்கா சிரித்தாள். பிறகு காரியஸ்தர். கடைசியில், வாயிலிருந்த களிமண்ணைத் துப்பிவிட்டு, அப்பாவும்.

நாங்கள் பந்தலுக்குப் போனபோது மாப்பிள்ளையின் அம்மா கூண்டு வண்டியிலிருந்து இறங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சித்தியின் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாக நான் பார்த்ததில்லை. பேச்சாளர் பழக்கதோஷத்தில், "இராகு காலத்தில் நடைபெறும் இந்தப் புரட்சித் திருமணம்" என்றார். யாரும் திருத்தவில்லை. சேற்றோடு கைதட்டினார் அப்பா. அவருடைய கடிகாரம் வண்டி தள்ளும்போதே சேறு புகுந்து நின்றுபோயிருந்தது, பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி வைத்துக்கொண்டு. கடைசிவரை அந்தக் கடிகாரம்தான் அவருக்குச் சாட்சி. சங்கு ஊதியதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "முதலாளி வீட்டுச் சங்க நம்புவியா?" என்று கேட்பார்.

அந்த மாதமே கூலித் தகராறு பேசி முடிந்து, முற்றிய நாற்றை நட்டார்கள். அன்று சேற்றில் விழுந்ததுதான் காரணம் என்று பேச்சாளர் பல மேடைகளில் சொன்னதாகக் கேள்வி. காரியஸ்தர் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று தெரியவில்லை.

மாமாவுக்கு 'லடாக்' என்ற பெயர் நிலைத்தது. உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் எவனாவது ஒருவன், "லடாக்கு, வண்டி வந்து சேருமா?" என்று கேட்பான். கேட்பவனைவிடச் சத்தமாகச் சிரிப்பது மாமாதான். பனியில் ஓட்டியவர் வாய்க்கால் கரையில் தோற்றதற்கு இப்படியா சிரிப்பது, கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா என்று அவருக்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போனேன். பறவைகளுக்கு என்னைப் பார்க்க விருப்பமில்லை, மழைதான் பார்த்தது. வாடகை ஜீப்பின் டிரைவர் சேறு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு, நடுவிலிருந்த மூடியைத் திருகினார். அந்தப் பக்கம் போய் இன்னொன்று.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"பூட்டு போடுறேம்மா. இதத் திருவி விட்டாத்தான் முன்சக்கரத்துக்கு இஞ்சின் இழுவை போவும். எதிர்ப்பக்கம் திருவிட்டம்னா நாலு சக்கரம்னு பேருதான், முன்னாடி ரெண்டும் சும்மா உருளும்."

நான் சிரித்த சிரிப்பில், கொஞ்ச நஞ்சம் உட்கார்ந்திருந்த நாரைகளும் பறந்துவிட்டன.

அன்று காலை வாசலில் குடை பிடித்தபடி நின்ற அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மாமாவின் தலைக்கு மேலே அல்ல, பந்தலில் நின்ற அப்பாவின் பக்கமாகச் சாய்த்து அதை அவள் பிடித்திருந்தாள். மழைதான் விடியற்காலையிலேயே விட்டுவிட்டதே.