வளைவில் திக்கிய லாரி

பிள்ளைகளா, இந்தக் கதையில் பாதி பெரியவளுக்குத் தெரியும், பாதி சின்னவளுக்குத் தெரியும். முழுசும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் "நீ, நீ" என்று எழுதினால் யார் எது செய்தது என்று எனக்கே குழம்புகிறது. அதனால் பெரியவள், சின்னவள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

பெரியவள் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. அவள் அங்கே ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பைத் திறப்பாள். சின்னவள் இங்கே சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் நம் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே லாரியை ஓட்டுவார்கள். விளையாட்டு லாரிதான். மலைப்பாதையில் மரம், சிமெண்ட், ஒரு தடவை ஒரு யானைக்குட்டி என்று ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஊரில் இறக்க வேண்டும். சின்னவள் ஸ்டியரிங். பெரியவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மேப் பார்த்து வழி சொல்ல வேண்டும்.

லாரி போகிற நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் வரும். ஸ்கூலில் யாரோடு சண்டை, புனேவில் சாம்பாரில் ஏன் வெல்லம் போடுகிறார்கள், அம்மா இந்த வாரம் யாரைத் திட்டினாள். எனக்குப் போன் வந்தால் "சாப்டேன்பா, நல்லா இருக்கேன்பா" என்பதோடு சரி. லாரியில் ஏறினால்தான் பெரியவளுக்கு வாய் திறக்கும். நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், போகட்டும்.

கம்ப்யூட்டர்தான் பாழாய்ப்போனது. பெங்களூரில் ஒரு ஆபீஸில் கழித்துப்போட்டதை வாங்கிக்கொண்டு வந்தது அது. புது விண்டோஸ் அதில் ஏறாது என்று அதுவே திரையில் எழுதிக் காட்டியது. இருந்த விண்டோஸோ ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கனமாகிக்கொண்டே போனது. நேர் ரோட்டில் லாரி ஓடும். வளைவு வந்தால் படம் திக்கும். திக்கி முடிந்து மறுபடி படம் வருகிற நேரத்தில் லாரி பள்ளத்தில் கிடக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று லோடு சிமெண்ட் பள்ளத்துக்குப் போனது.

முதலில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வாரம் சின்னவள், "அக்கா, எனக்கு டெஸ்ட் இருக்கு, இன்னிக்கு வேணாம்" என்றாள். அப்போது தசரா லீவு. டெஸ்ட் எங்கிருந்து வரும்? அடுத்த வாரம் தலைவலி என்றாள். அதற்கு அடுத்த வாரம் பெரியவள் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னாள்.

"சரி விடு. இங்க ஹாஸ்டல்ல ஒருத்தி விளையாட வர்றேன்னு சொல்றா. கொஞ்ச நாளைக்கு அவளோட ஓட்டிக்கறேன்."

சின்னவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். நான் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேல் வைத்தபடியே நின்றுவிட்டேன். அந்த நீலச் சட்டையின் காலர் கருகியது அன்றைக்குத்தான். கரண்ட் ஏறி இறங்கியது என்று அம்மாவிடம் சொன்னது பொய்.

எனக்கு இருந்த பயம் விளையாட்டு போய்விடுமே என்பதில்லை. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். அவர் ஓசூருக்குப் போனார், நான் இங்கே இருந்துவிட்டேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்கு ஒரு வேலை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். இப்போது யாராவது செத்தால் போன் பண்ணுகிறோம். நீங்கள் இரண்டு பேரும் அப்படி ஆகக் கூடாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரே நினைப்பு.

மறுநாள் பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் வரும்போது பெரியவளுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரைச் சரி பண்ண வழி இருக்கிறதா என்று கேட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அது இலவசம், பின்னால் தேவையில்லாமல் எதுவும் ஓடாது, பழைய பெட்டிக்குப் பாரம் குறையும் என்றாள். ஆனால் இந்த லாரி விளையாட்டு விண்டோஸுக்காகச் செய்தது, அதனால் நடுவில் ஒரு மென்பொருள் உட்கார்ந்து விண்டோஸ் பேச்சை லினக்ஸுக்கு மாற்றிச் சொல்லும் என்றாள்.

நான் கேட்டேன், "நடுவுல ஒருத்தன் நின்னு மாத்தி மாத்திச் சொன்னா இன்னும் லேட் ஆகாதாம்மா?"

"அப்பா, நீங்க டிக்கெட் செக்கர் கிட்ட கன்னடத்துல பேசறீங்க. முதல்ல தமிழ்ல யோசிச்சு அப்புறம் மாத்தியா பேசறீங்க?"

"இல்லியே. அதுவா வருது."

"அதே மாதிரிதான். நல்லாக் கத்துக்கிட்டா அதுவா வரும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. நம்ம ஊரில் யார்தான் ஒரே பாஷையில் குடித்தனம் நடத்துகிறார்கள்?

பங்காருபேட்டையில் எங்கள் ரயிலில் ஏறுகிற ஒரு தெலுங்குக்காரர் இருக்கிறார், பெங்களூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. அவரிடம் கேட்டேன். இரண்டு நாளில் பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். ரயிலில் சீட்டாடுகிற கூட்டம் விடுமா? "இன்னா சார், இந்த வயசுல ஹேக்கர் ஆவப் போறீங்களா?" என்று ஒருத்தர். "மூக்குப் பொடியா இருக்கும், விடுங்க" என்று இன்னொருத்தர். தெலுங்குக்காரர் மட்டும் சீரியஸாக, பழைய விண்டோஸை அழிக்காதீர்கள், இதைப் பக்கத்திலேயே போடுங்கள், ஒத்துவராவிட்டால் திரும்பிவிடலாம் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். பெரியவள் போனில் ஒவ்வொன்றாகச் சொல்ல, நோட்டில் எழுதி எழுதிச் செய்தேன். ஒரு இடத்தில் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டு செத்துப்போச்சு என்று கவிழ்த்துத் தட்டினேன். ஒரு வருஷத்து முறுக்குத் தூள் கொட்டியது. பெரியவள் சிரித்துவிட்டு, அது அப்படித்தான், காட்டாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள் என்றாள். அம்மா காபியை வைத்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதறப்போகூட நீங்க இவ்ளோ நேரம் உக்காரல" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் லினக்ஸ் வந்துவிட்டது. விளையாட்டும் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் இட்லி சாப்பிடுவதற்குள் நானே எல்லாவற்றையும் தயாராக வைக்க வேண்டும் என்று, விளையாட்டைத் திறந்தேன். உடனே லாரி வரவில்லை. ஒரு பட்டை வந்தது, மெதுவாக நிரம்பிக்கொண்டே போனது. பக்கத்தில் ஒரு பட்டன், அதில் "ஸ்கிப்" என்று இங்கிலீஷில் இருந்தது. அமுக்கினேன். லாரி வந்தது. சின்னவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

விண்டோஸைவிட மோசமாகத் திக்கியது.

வளைவில் மட்டும் இல்லை. புதிதாக ஒரு மரம் வந்தால் திக்கும், பாலம் வந்தால் திக்கும், எதிரில் பஸ் வந்தால் நின்றே போகும். சின்னவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கதை. அவள் எழுந்து, என் மனசு நோகக் கூடாது என்று மெதுவாக, "விண்டோஸே பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அது கருகிய காலரைவிடச் சுருக்கென்று இருந்தது.

சரி, நமக்கு வராத வேலை என்று முடிவு பண்ணி, பழையபடி மாற்றிவிடுகிறேன் என்று பெரியவளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டியில் விண்டோஸைவிட வேகமாகத்தான் ஓட வேண்டும், வீடியோ காலில் காட்டுங்கள், முதலில் இருந்து எப்படிச் செய்கிறீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றாள். சின்னவள் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். விளையாட்டைத் திறந்தேன். பட்டை வந்தது. அமுக்கினேன்.

"அப்பா, இருங்க. இப்ப இன்னா அமுக்கினீங்க?"

"ஸ்கிப்பு."

"அதை ஏன் அமுக்கினீங்க?"

"மேல தூக்கறதுக்கு."



உங்களுக்கு எப்படிப் புரியும்? நான் வளர்ந்த வீட்டில் ஸ்கிப் என்றால் ஒரே அர்த்தம்தான். தங்கச் சுரங்கத்தில் கீழே இறங்குகிற ஷாப்ட்டில் ஆள் ஏறி இறங்குவது கேஜ், கல்லை ஏற்றிக்கொண்டு மேலே வருகிற இரும்புத் தொட்டி ஸ்கிப். கீழே நிரப்புவார்கள், மேலே இழுப்பார்கள், கொட்டுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன். இங்கே ஒரு பட்டை நிரம்புகிறது, பக்கத்தில் ஸ்கிப் என்று எழுதியிருக்கிறது. நிரப்புகிறான், அமுக்கினால் தூக்குவான் என்று நினைத்துக்கொண்டேன். பாதித் தொட்டியோடு தூக்குகிறோமே என்று ஒரு உறுத்தல்கூட இருந்தது. பிள்ளை காத்திருக்கிறாளே என்று அமுக்கிவிடுவேன்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் சின்னவள் போனைக் கட்டில் மேல் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போனுக்குள் பெரியவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் விளக்கினாள். நடுவில் மாற்றிச் சொல்கிறவன், வேலைக்குப் போகும் முன் எல்லாச் சொற்களையும் எழுதி வைத்துக்கொள்கிற நேரம் அந்தப் பட்டை. ஸ்கிப் என்றால் அதை விட்டுத் தாண்டிப் போ என்று அர்த்தம்.

"நீங்க அந்த ஆளைப் படிக்க விடாம வாரா வாரம் இழுத்துட்டுப் போயிருக்கீங்கப்பா. அவன் ஒவ்வொரு மரத்துக்கும் நின்னு, இதுக்கு லினக்ஸ்ல இன்னா பேருன்னு யோசிக்கறான்."

மறுபடி திறந்தோம். யாரும் எதையும் தொடக் கூடாது என்று சின்னவள் உத்தரவு போட்டாள். ஒரு குக்கர் சோறு வெந்து இறங்குகிற நேரம் ஆனது. அம்மாவும் வந்து நின்று, "பொங்கலுக்குப் பால் பொங்கறதைப் பாக்கற மாதிரி பாக்கறீங்களே எல்லாரும்" என்றாள். ஆனால் அவளும் போகவில்லை.

பட்டை நிரம்பியது, லாரி வந்தது. பெரியவள் சொன்னபடி விளையாட்டுப் படத்தில் விழுகிற நிழல்களை மட்டும் குறைத்தோம். ஒரு நொடிக்கு எத்தனை படம் என்று திரையின் மூலையில் ஒரு எண் வரும். விண்டோஸில் நேர் ரோட்டில் இருபத்து நாலு, வளைவில் பதினொன்று என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இப்போது நேர் ரோட்டில் நாற்பது. வளைவில் முப்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. எல்லா விளையாட்டும் லினக்ஸில் இப்படி ஓடும் என்று சொல்ல மாட்டேன். சிலது திறக்கவே திறக்காது என்று தெலுங்குக்காரர் சொல்கிறார். நம்ம பழைய பெட்டிக்கு, இந்த லாரிக்கு, இது நல்லது.

நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகு, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"க்கா, அந்த ஹாஸ்டல் அக்கா நல்லா ஓட்டுவாங்களா?"

"ஓட்டுவா. ஆனா வாயே திறக்க மாட்டா. லாரில போறோமா, பொண வண்டில போறோமான்னே தெரியாது." கொஞ்சம் விட்டு, "முன்ன பாரு, லெஃப்ட்ல திரும்பு" என்றாள்.

சின்னவள் திருப்பினாள். திருப்பிக்கொண்டே, கணக்கு டீச்சரைப் பற்றி ஆரம்பித்தாள். நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன்.

இனி வருவது உங்கள் இரண்டு பேருக்குமே தெரியாதது. போன மாதம் ஒரு சனிக்கிழமை லினக்ஸில் டிரைவர் என்கிற, படம் காட்டுகிற மென்பொருளுக்கு ஏதோ ஒரு அப்டேட் வந்தது. அது வந்தால் நடுவில் மாற்றிச் சொல்கிற அந்த ஆள் படித்தது எல்லாம் போய், முதலில் இருந்து எழுத வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உட்கார்ந்த பிறகு அவ்வளவு நேரம் காத்திருந்தால் பேச்சு ஆறிவிடும். அதனால் விடிந்ததும் நான் மட்டும் எழுந்தேன். சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, விளையாட்டைத் திறந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டை கடைசி வரை நிரம்பியது. லாரி வந்து நின்றதும் விளையாட்டை மூடினேன். திரையை மட்டும் அணைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.