மெடலு வீட்டு வெள்ளிக் குருசு

புளியும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துத் தேய்த்த வெள்ளியின் வாடை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால், வேதக்கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின நாளும், முற்றத்து முறத்தில் வெயில் காயும் பெரியப்பாவின் மெடல்களும்தான் எனக்கு நினைவுக்கு வரும். நெய்யூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் ‘மெடலு வீடு’. அப்பாவின் மூத்த அண்ணன் லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் உலகப்போர் வந்து, படிப்பை விட்டு விமானப்படையில் சேர்ந்து, நாலு எஞ்சின் வைத்த பெரிய குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். வெண்கல நட்சத்திரங்கள் சிலவும், ஊதாவும் வெள்ளையுமாகச் சாய்கோடு போட்ட நாடாவில் தொங்கும் வெள்ளிக் குருசு ஒன்றும் அவருக்குக் கிடைத்திருந்தன. கல்யாணம் செய்யாமல் எங்களோடுதான் இருந்தார்.

அந்தப் பெயரோடு பிழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கப் பயந்தாலும், ஆஸ்பத்திரியில் ஊசிக்கு அழுதாலும், ‘மெடலு வீட்டுப் பிள்ளைக்குப் பேடியா?’ என்று கேட்க ஊரில் ஆள் இருந்தது. என் பாடே இப்படியென்றால் பெரியப்பாவின் பாட்டைச் சொல்ல வேண்டாம். பண்டிகையோ கல்யாணமோ பள்ளி ஆண்டுவிழாவோ, கோட்டை மாட்டி மெடல்களைக் குத்தி முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவரோ அடைபட்டு இருக்க முடியாமல் தன் அறைக் கதவைக்கூடச் சாத்தாத மனிதர். கோயிலிலும் வாசலோரத்துப் பெஞ்சையே தேடுவார். ‘போன ஒவ்வொரு தடவையும் உயிரோடு திரும்பி வந்தவர்’ என்று யாராவது மைக்கில் புகழும்போது அவர் விரல்கள் தானாகக் கழுத்துப் பட்டனைத் தளர்த்தப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓர் ஆடி மாதம் அது நடந்தது. முட்டம் கடற்கரையிலிருந்து ‘கடவம்’ என்கிற பனையோலைப் பெட்டியில் மீன் சுமந்து வருகிற சூசம்மா, முறத்தில் கிடந்த வெள்ளிக் குருசைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். கடற்கரைக்காரர்கள் கழுத்தில் மாதா மெடல் கிடக்கும். அது பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. இதையும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அதுவும் போன ஒவ்வொரு தடவையும் ஆளைத் திரும்பக் கொண்டுவந்த குருசு. போன வருஷம் இதே காற்றில் அவள் தம்பி வள்ளத்திலிருந்து கடலில் விழுந்து போய்ச் சேர்ந்திருந்தான். அதே வள்ளத்தில் மறுநாள் அவள் புருஷன் போக வேண்டும். பெரியப்பாவிடம் அதை ஒரே ஒரு நாள் இரவல் கேட்டாள்.

பெரியப்பா எங்கள் யாரிடமும் ஒருநாளும் சொல்லாததை அந்த மீன்காரியிடம் சொன்னார்.

“இது கும்பிடுக குருசு இல்ல, சூசம்மா. ராத்திரி போயி ஊரு மேல நெருப்பக் கொட்டுனதுக்குத் தந்தது. கீழ பிள்ளையளும் கெடந்திருக்கும்.”

சூசம்மா சாளை மீனின் செதிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நம்ம குருசும் ஆளக் கொல்லத் தறிச்ச மரந்தான, சாரே.”

பெரியப்பா குருசை எடுத்து, நாடாவோடு அவள் கையில் வைத்தார். மறுநாள் பண்டிகைக்கு அவர் கோட்டில் வெண்கல நட்சத்திரங்கள் மட்டும் தொங்கின. போட்டோவுக்கு நின்ற அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

புருஷன் பத்திரமாகத் திரும்பினான். ஆனால் குருசு திரும்பவில்லை. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் கட்டியதை அவிழ்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? பெரியப்பாவும் கேட்கவில்லை. நெஞ்சுப் பாரம் இறங்கியது என்று நாங்கள் நினைத்தோம். அவரோ இன்னொரு கூண்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தார். விடிந்தால் முதல் கேள்வி, ‘சூசம்மா வந்தாளா?’ தென்னை பேயாட்டம் ஆடுகிற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. தெருமுனையில் “மீனேய்” என்ற சத்தம் கேட்டால்தான் ஈசிச்சேரில் சாய்வார். ‘வேலியில போன ஓணான எடுத்து வேட்டியில விட்ட கதையாப் போச்சு’ என்று அம்மா புலம்பி, குருசைத் திருப்பிக் கேளுங்கள் என்று ஒருநாள் சொல்லியே விட்டாள். கேட்டு வாங்கின மறுநாள் அவள் புருஷன் வராமல் போனால் என்ன செய்வது என்றார் பெரியப்பா. அப்புறம், “அங்க எங்க தளத்துல ராத்திரியெல்லாம் கீழ நின்னு, திரும்பி வாற எங்கள எண்ணிக்கிட்டு இருந்தவங்க உண்டு. மேல இருந்தவனுக்கு அவங்க பாடு தெரியாது” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார்.

சில வருஷங்கள் கழித்து அவர் இறந்தபோது முன்னாள் படைவீரர்கள் மரியாதை செலுத்த வருவதாகச் சொன்னார்கள். குருசு இல்லாமல் அண்ணனை அடக்கம் செய்ய அப்பாவுக்கு மனசில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முட்டத்துக்குப் போனார். வள்ளம் கடலில் கிடந்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, வெயில் ஏற, பெட்டியை மூடாமல் மொத்த வீடும் ஒரு வள்ளத்துக்காகக் காத்துக் கிடந்தது. பெரியப்பா தினம் தினம் இருந்த இருப்பு இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வள்ளம் வரவில்லை. கோட்டில் குருசு குத்தியிருந்த பழைய ஊசித் துளைகளோடுதான் அவர் குழிக்குள் போனார்.

மறுநாள் காலையில் சூசம்மா கடவம் இல்லாமல் வந்தாள். மடியிலிருந்து குருசை எடுத்து அப்பாவிடம் நீட்டிவிட்டு அழுதாள். உப்புக்காற்று பட்டு அது கறுத்திருந்தது. வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுங்கள் அப்பா, இதோடு தீரட்டும் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

“கொண்டு போ. அவரு நாளைக்கும் கடலுக்குப் போணும்லா.”

அடுத்த நாள் விடிந்ததும் அப்பா கேட்டார், ‘சூசம்மா வந்தாளா?’

இப்போது அப்பா இல்லை. சூசம்மாவும் இல்லை. அவள் புருஷன் வயதாகி, வீட்டில் பாயில் படுத்து, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கத்தான் செத்தார். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகும்போது வள்ளத்தைக் கொல்லம் பக்கத்தில் யாருக்கோ விற்றார்கள். அணியத்தில் இருந்ததை அவர்களும் அவிழ்க்கவில்லையாம். மெடலு வீட்டை இடித்து அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. நாகர்கோவிலில் என் அலமாரியில் வெண்கல நட்சத்திரங்கள் மட்டும் இருக்கின்றன. மீன் இப்போது மொபெட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது.

மேற்கே காற்று வலுக்கிற நாளில் எனக்கும் சோறு இறங்குவதில்லை. அந்த வள்ளத்தில் யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கரை சேர்ந்தார்களா என்று கேட்க, வாசலுக்கு வர ஒரு சூசம்மாவும் இல்லை.