பின்கேட்

குடிநீர் அலுவலக வாட்ச்மேனுக்கு முற்றுகை என்றாலே கொட்டாவிதான் வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்துச் சலித்துவிட்டது. ஜனங்கள் காலிக் குடங்களோடு வந்து முன்கேட்டில் உட்காருவார்கள். இவர் உள்பக்கம் பூட்டிக்கொள்வார். அவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் கார் பின்கேட் வழியாக நழுவிவிடும். அப்புறம் போலீஸ் வந்து, ஐயா ஆபீஸில் இல்லை என்று எல்லோரையும் கிளப்பிவிடும். மறுநாள் பேப்பரில் 'முற்றுகை' என்று கொட்டை எழுத்தில் வரும்.

"என்னத்த முற்றுகை? கோட்டைய நாலு பக்கமும் வளைச்சு, உள்ள இருக்கிற ராஜா சோத்துக்கும் தண்ணிக்கும் தவிச்சாத்தான் அது முற்றுகை. இங்க தவிக்கிறதெல்லாம் வெளிய இருக்கிறவங்கதான்" என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார். பின்கேட்டைத் திறந்துவிடுவதே தான்தான் என்பதை மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

அன்றைக்கு வந்தது அவருடைய தெரு. வாரக்கணக்கில் குழாயில் வெறும் காற்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைத் துடைத்துவிடக்கூடத் தண்ணீர் இல்லை. முன்வரிசையில், சுட்டெரிக்கும் வெயிலில், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து குனிந்து, "வீட்டுக்குப் போயேன். உனக்கு உடம்பு தாங்காது" என்றார்.

"அவரு வந்து பதில் சொல்லட்டும், போறேன். அம்மாவுக்கு முதுகெல்லாம் புண்ணு. உள்ளதானே இருக்காரு, எங்க போயிடப் போறாரு?"

அவர் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இப்படித்தானே நம்பியிருப்பார்கள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொஞ்ச நேரத்தில் டிரைவர் வந்து காதைக் கடித்தார். "ஐயா கிளம்பறாரு. பின்னாடி திறந்து வைங்க."

வாட்ச்மேன் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பூட்டில் கை வைக்கவில்லை. கேட்டுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு அப்பாடா என்று உட்கார்ந்தார். கால் கடுப்பில் உயிர் போனது.

கார் வந்து நின்றது. அதிகாரி கண்ணாடியை இறக்கினார். "என்னய்யா உட்கார்ந்துட்டே? சாவி இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம்?"

"எழுந்திரிக்கத்தான் முடியல."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்." அவர் குரலில் கோபம்கூட இல்லை, அசதிதான் இருந்தது. "என் வீட்டுக்காரி முன்னாடி வெயில்ல உட்கார்ந்திருக்கா. நீங்க அங்க போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். வாட்ச்மேன் காலை நீட்டிக்கொண்டார்.