பிலோமினா சிஸ்டரின் வான்கோழி

மத்தியான ரொட்டியை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது மாதா கோயில் உபதேசியார் கடைக்கு வந்து, பிலோமினா சிஸ்டர் போய்விட்டார் என்றார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். வில்லியனூரில் என் பேக்கரியைத் தெரிந்த உங்களுக்கு அவரையும் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊரையே தன் வார்டாக நினைத்து அதட்டிக்கொண்டிருந்தவர்.

கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டு வான்கோழி என் அடுப்பில்தான் வேகும். ஏம்பலத்திலிருந்து உயிரோடு வாங்கி வருவார். முஸ்லிமான நான் ஹலாலாக அறுத்தால்தான் எனக்கும் ஒரு பங்கு சாப்பிட முடியும் என்பதால் என்னையே அறுக்கச் சொல்வார். அதோடு என் அதிகாரம் முடிந்தது. பச்சைக் கறி பட்ட மேஜையை ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் விடமாட்டார், சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். ஒருமுறை கோழியைக் குழாயடியில் மஞ்சள் போட்டு அலசப் போனேன். "தெறிக்கிற தண்ணியெல்லாம் உன் கேக்கு மேல பூடும். வுடு பாய், நெருப்பு பாத்துக்கும்" என்றார். என் கடையில் என்னையே மிரட்டுகிறாரே என்று எரிச்சலாக வரும். ஆனாலும் சொன்னபடியே செய்துவிடுவேன்.

அவர் சொந்தக்காரர்கள் அரைவேக்காட்டுப் பிரியாணிச் சோற்றை வான்கோழியின் வயிற்றில் அடைத்துத் தைத்து வேகவைப்பார்கள். சிஸ்டர் தன் வீட்டில் அதை நிறுத்திவிட்டார். கறி வெந்தாலும் நடுச்சோறு பச்சைச் சாற்றில் ஊறி வெதுவெதுவென்றே கிடக்கும், தின்றவன் படுத்துவிடுவான் என்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு மகன் அருள், கர்ப்பிணி மனைவியோடு பிரான்சிலிருந்து பல வருடம் கழித்து வந்தான். சின்ன வயதில் சாப்பிட்ட அந்த வயிற்றுச் சோறு வேண்டும் என்று கேட்டான். சிஸ்டரால் மறுக்க முடியவில்லை. அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர்கள் விமானத்துக்குக் கிளம்ப வேண்டும். பொன்னிறமாக வெந்த வான்கோழியை நானே அவர் வீட்டுக்குச் சுமந்து போனேன். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தாயிற்று, வாசலில் கார் வந்து நின்றாயிற்று. சிஸ்டர் சோற்றின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினார். எழுபத்துநாலு டிகிரி வர வேண்டிய இடத்தில் முள் பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்ப அடுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். மேல்கறியை மட்டுமாவது கொடு என்று அருள் கெஞ்சினான். அதே சாறுதான் எல்லாவற்றிலும் இறங்கியிருக்கும் என்றார். உனக்கு நான் முக்கியமா, டிகிரி முக்கியமா என்று கேட்டுவிட்டு அவன் எழுந்துவிட்டான்.

"பசியோட போனான்னு ஊரு சொல்லட்டும். என் வூட்ல துன்னுட்டு புள்ளத்தாச்சி படுத்துட்டான்னு சொல்லக் கூடாது" என்றார் சிஸ்டர்.

கார் போய்விட்டது. வான்கோழி மறுபடி வெந்து வந்தபோது யாருக்கும் அதைச் சாப்பிட மனம் இல்லை. பிறகு பேரன் பிறந்தான். போட்டோவில்தான் அவனைப் பார்த்தார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சிஸ்டர் மூடிய தட்டோடு கடைக்கு வந்தார். உள்ளே ஒரு முழுக்காலும் சோறும் இருந்தன.

"அடுப்புல போட்டு எரிச்சிடு பாய். விடிய விடிய மேஜை மேலயே இருந்துச்சி. நாய்க்குக்கூட போடாதே."

வெந்த கறியைச் சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைக்காத வீடுகளை நாள்கணக்கில் திட்டுகிறவர் அவர். ஏன் சிஸ்டர் வெளியில் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"வண்டி திரும்பி வந்துடும்னு நெனச்சிக்கினு உட்காந்திருந்தேன்" என்றார்.

அடக்கத்துக்கு வந்த அருள் கல்லறைத் தோட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் போன பிறகு அம்மா என்ன சொன்னார் என்று கேட்டான். தட்டைப் பற்றிச் சொன்னேன். "அம்மா துன்னாங்களா பாய்?" என்றான். இல்லை என்றேன்.

அவர் சொல்லிக்கொடுத்த சுத்தமும் சூடும் ஊருக்கே சொந்தம், வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்காக அவர் மூடிவைத்துக் காத்திருந்த அந்தத் தட்டை நான் வைத்துக்கொள்கிறேன்.